விபத்துப் படம் டூ பில் கவுன்ட்டர்: ‘நேஷனல் என்கொயரர்’ ஜெனரோசோ போப் யார்?

அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் பில் போட வரிசையில் நிற்பவர்கள் கண்ணில் படுகிற மாதிரி, சாக்லேட், சூயிங்கம் பக்கத்திலேயே ஒரு பத்திரிகை தொங்கும். நடிகைக்கு விவாகரத்தா, பறக்கும் தட்டு வந்ததா என்று கொட்டை எழுத்தில் தலைப்பு இருக்கும். ‘நேஷனல் என்கொயரர்’ என்ற அந்தப் பத்திரிகையை அங்கே கொண்டுபோய் வைத்தவர்தான் ஜெனரோசோ போப் ஜூனியர்.

யார் இவர்?

1927-ல் நியூயார்க்கில் பிறந்தார். அப்பா, இத்தாலியில் இருந்து பிழைக்க வந்து இத்தாலிய மொழி நாளிதழுக்கே அதிபரானவர். மகன் படித்தது எம்.ஐ.டி.யில் இன்ஜினீயரிங். கொஞ்ச காலம் சி.ஐ.ஏ.விலும் வேலை பார்த்தார். 1952-ல், சுமார் 17,000 பிரதிகள் மட்டுமே விற்றுக்கொண்டிருந்த ‘நியூயார்க் என்கொயரர்’ வாரப் பத்திரிகையை 75,000 டாலருக்கு வாங்கினார். இதற்குப் பணம் கொடுத்து உதவியது மாஃபியா தலைவர் ஃபிராங்க் காஸ்டெல்லோ என்ற பேச்சும் உண்டு.

ரோட்டில் விபத்து என்றால் கூட்டம் கூடுகிறதே, அதையே அச்சடித்தால் என்ன என்று யோசித்தார் போப். கோரமான படங்களாகப் போட்டார். 1960-களில் விற்பனை 10 லட்சத்தைத் தொட்டது. ஆனால் குடும்பத்தோடு வரும் கடையில் ரத்தப் படத்தை யார் வைப்பார்கள்? அதனால் ரத்தத்தை விட்டுவிட்டு சினிமா கிசுகிசு, ஜோசியம், மருத்துவ அதிசயம் என்று மாறினார். கடைக் கதவு திறந்தது. 1977-ல் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி சவப்பெட்டியில் கிடக்கும் படத்தைப் போட்ட இதழ் 60 லட்சத்துக்கும் மேல் விற்றது.

எல்லாமே பொய்யா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. நிருபர்களுக்கு நல்ல சம்பளம், செய்தியைச் சரிபார்க்கத் தனிப் பிரிவு எல்லாம் இருந்தது. 1987-ல் அதிபர் தேர்தல் களத்தில் முன்னணியில் இருந்த கேரி ஹார்ட்டின் மடியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கும் படம் இதில் வந்தது. அது நிஜப் படம். சிக்கல் வேறு இடத்தில். துப்பு கொடுப்பவர்களுக்குக் காசு கொடுப்பார்கள். காசு வருகிறது என்றால் கதைக்குக் கை, கால் முளைக்கத்தானே செய்யும்?

கோர்ட்டில் விழுந்த அடி

1976-ல் நடிகை கரோல் பர்னெட் வாஷிங்டன் ஓட்டல் ஒன்றில் ரகளை செய்ததாக ஒரு துணுக்கு வெளியானது. படிப்பவர்களுக்கு அவர் குடித்திருந்தார் என்றே தோன்றும். குடியால் சீரழிந்த பெற்றோருக்குப் பிறந்தவர் பர்னெட். சும்மா விடவில்லை, வழக்குப் போட்டார்.

பத்திரிகை மறுப்பு வெளியிட்டது. கலிஃபோர்னியா சட்டப்படி, மறுப்பு வெளியிட்ட செய்தித்தாளுக்குப் பெரிய நஷ்டஈட்டில் இருந்து பாதுகாப்பு உண்டு. ஆனால் என்கொயரரை செய்தித்தாளாகவே ஏற்க கோர்ட் மறுத்துவிட்டது. நாளிதழுக்கு இருக்கும் அவசரம் இதற்கு இல்லை, அச்சேறும் முன் வாரக்கணக்கில் நேரம் இருக்கிறது என்பதுதான் காரணம். 1981-ல் ஜூரி விதித்தது 16 லட்சம் டாலர். அப்பீலில் அது 2 லட்சமாகக் குறைந்தது. கடைசியில் கோர்ட்டுக்கு வெளியே சமரசம்.

1988-ல் மாரடைப்பால் போப் இறந்தபோது வயது 61. அடுத்த வருடமே அவருடைய நிறுவனம் 41 கோடி டாலருக்கு மேல் விலைபோனது.