சோலைக்குருவியும் டாக்டர் ஜெர்டனும்

ஊட்டிக்குப் போனால் பூங்கா, படகுத்துறை, சாக்லேட் என்று நம்மில் பலர் திரும்பிவிடுகிறோம். பக்கத்துச் சோலைக்காட்டின் இருட்டில் நீல நிறத்தில் ஒரு சின்னக் குருவி தத்தித் தத்திப் பூச்சி பொறுக்கிக்கொண்டிருக்கும். அதை முதலில் இனங்கண்டு எழுதியவர் தாமஸ் ஜெர்டன்.

1811-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். எடின்பரோவில் படித்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக 1836-ல் சென்னைக்கு வந்தார். வேலை ராணுவத்தாருக்கு வைத்தியம், மனமெல்லாம் பறவை. நெல்லூரில் இருந்தபோது ஏனாதி மக்களிடம் பறவைகளைப் பற்றிக் கேட்டறிந்தார். ஒரு துரை அந்தக் காலத்தில் இப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டதே பெரிய விஷயம் என்பேன். தம் நூலில் பறவைகளின் தமிழ், தெலுங்குப் பெயர்களையும் சேர்த்தார்.

1841-ல் திருமணம். ஊட்டியில் தங்கி மலைப் பறவைகளைக் கவனித்தது அந்தச் சமயத்தில்தான். சோலைக்குருவியைப் பார்த்து, செவ்வால் பறவைகளின் உறவு என்று எண்ணி அந்த இனத்தில் சேர்த்தார். பின்னால் வந்தவர்கள் வேறு வேறு இனங்களில் போட்டார்கள். எங்கள் வங்கி பாஷையில் சொன்னால், தலைப்புத் தெரியாத தொகை சஸ்பென்ஸ் கணக்கில் கிடப்பதுபோல. 2017-ல் மரபணுவைப் பார்த்து, ஈப்பிடிப்பான்களுக்கு நெருங்கிய தனி இனம் என்று முடிவு செய்து 'ஷோலிகோலா' என்று பெயர் வைத்தார்கள். நம் 'சோலை'தான் அது!

ஜெர்டன் தலச்சேரியில் இருந்தபோது எறும்புகளையும் ஆராய்ந்தார். கானிங் பிரபுவின் அரசு அவரை நூல் எழுதவே தனிப்பணியில் விட்டது. இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய பெருநூல் 1862 முதல் 1864 வரை வெளிவந்தது. 1872-ல் இங்கிலாந்தில் காலமானார்.

அவருடைய குருவி இன்று அழியும் ஆபத்தில் உள்ள பட்டியலில் இருக்கிறது. உயர்ந்த மலைச் சோலையை விட்டு அது இறங்காது. தேயிலைக்கும் சீகை மரத்துக்கும் சோலைகள் நிறையப் போய்விட்டன.

பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு: முதலில் குரல்தான் கேட்கும். விலாவில் செம்பழுப்பு இருந்தால் ஜெர்டனுடைய குருவி. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, கொடைக்கானல் பக்கம், விலாவில் செம்பழுப்பு இருக்காது, வயிறு வெள்ளை. அது அதன் பங்காளி.