எவரும் கேளாத ஆறு ஆண்டுகள்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் ஏ9 வீதியில் அமைந்துள்ளது நாலந்தா. போவதென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிடாதவாறு கல் கல்லாகக் கழற்றி மேட்டு நிலத்தில் மீளக் கட்டப்பட்ட பழங்கால கெடிகேயினால் அறியப்பட்ட ஊர் அது. சில மாதங்களுக்கு முன்னர் அங்கே தேநீர் அருந்த இறங்கிய கடையொன்றில், நாம் பத்திரிகைக்காரர் என்பதை அறிந்துகொண்ட முதிய பெண்மணி ஒருவர் எம்மிடம் ஒரு விடயத்தைக் கேட்டார். அவரது மகள் மத்திய கிழக்கில் பணிபுரிகிறார். ஏழு வயதுப் பேரன் இவரிடம் வளர்கிறான். மூன்று வயதில் தன்னை விட்டிருந்த பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில், அழுதால் இருட்டறையில் பூட்டிவைப்பார்கள் என்று அவன் இப்போதுதான் சொல்லத் தொடங்கியிருக்கிறான். நான்கு வருடங்கள் வாய் திறவாத பிள்ளை இன்று சொல்வதை நம்புவதா என்பதே அந்த உம்மும்மாவின் கேள்வி.

எமக்கு உடனே நினைவில் வந்தது ருட்யார்ட் கிப்ளிங்கின் இளமைக் காலமாகும். ஏகாதிபத்தியத்தைத் துதிபாடிய அவரது அரசியலில் எமக்கு உடன்பாடில்லை. கீழைத்தேயத்தவரைப் பற்றி அவர் எழுதியவற்றுள் பல இன்றும் எம்மை உறுத்துகின்றன. ஆயினும் ஒரு பிள்ளை ஏன் மௌனம் சாதிக்கிறது என்பதை அவரது வாழ்க்கையைப் போலத் தெளிவாகக் காட்டும் வாழ்க்கைகள் சிலவே.

கிப்ளிங் 1865 டிசம்பர் 30 ஆம் திகதி பம்பாயில் பிறந்தார். தந்தை ஜோன் லொக்வூட் கிப்ளிங் ஓவியக் கல்லூரி ஆசிரியர். ஆயாவிடமும் பணியாளரிடமும் இந்துஸ்தானி பேசி வளர்ந்த பிள்ளைக்கு ஆங்கிலமே இரண்டாம் மொழி போலிருந்தது. இந்தியாவின் தட்பவெப்பம் வெள்ளையர் பிள்ளைகளுக்கு ஒவ்வாது என்ற அக்கால வழக்கப்படி, 1871 இல் அவரையும் மூன்று வயதுத் தங்கை டிரிக்ஸையும் பெற்றோர் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றனர். பத்திரிகை விளம்பரமொன்றின் மூலம் அறிந்த, சவுத்சீ என்னும் கடற்கரை நகரிலிருந்த வீடொன்றில் கட்டணம் செலுத்தி இருவரையும் ஒப்படைத்தனர். தாம் திரும்பிச் செல்லப்போவதைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. விடைபெறுகையில் எழும் அழுகையைத் தவிர்க்க எண்ணினார்கள் போலும். ஆறு வயதுகூட நிரம்பாத பிள்ளைக்கோ தாயும் தந்தையும் ஒரேயடியாக மறைந்துபோயினர்.

அவ்வீட்டுத் தலைவர் ஹொலோவே என்ற ஓய்வுபெற்ற கடலோடி. அவர் உயிரோடிருந்தவரை ஓரளவு நிழல் இருந்தது. அவர் இறந்த பின்னர் சிறுவன் அவருடைய மனைவியினதும் மகனினதும் கையில் முற்றாகச் சிக்கினான். பகலில் என்ன செய்தாய் என்று இரவில் குறுக்கு விசாரணை நடக்கும். களைத்த பிள்ளையின் விடைகள் ஒன்றுக்கொன்று முரண்படும்போது ஒவ்வொரு முரணும் பொய்யாகக் கணிக்கப்பட்டு மறுநாள் தண்டனைக்குரியதாகும். நரகத்தைச் சொல்லி அச்சுறுத்துவதும் அடியும் நாளாந்த நடைமுறையாயின. கண்பார்வை மங்கிப் படிப்பில் பின்தங்கிய சிறுவன், பாடசாலை அறிக்கையை மறைத்தமைக்காகப் பொய்யன் என எழுதிய அட்டையை முதுகில் சுமந்து வீதி வழியே நடக்கவைக்கப்பட்டான்.

ஆண்டுதோறும் டிசம்பரில் லண்டனிலிருந்த சின்னம்மா ஜோர்ஜியானாவின் வீட்டில் ஒரு மாதம் தங்குவான். அன்பு நிறைந்த வீடு அது. ஆயினும் அங்கே அவன் எதையும் சொல்லவில்லை, எவரும் கேட்கவுமில்லை. ஏன் சொல்லவில்லை என்று அச்சின்னம்மா பின்னாளில் பலமுறை வினவியதாகக் கிப்ளிங் எழுதியுள்ளார். தமக்கு நேர்வதையே உலகத்தின் இயல்பென்று சிறுவர் ஏற்றுக்கொள்கின்றனர். சொன்னால் திரும்பிச் சென்றதும் என்ன கிடைக்கும் என்பதையும் அவர்கள் நன்கறிவர் என்பதே அவர் தந்த விளக்கத்தின் சாரம்.

1877 இல் தாய் வந்தார். படுக்கையில் மகனை முத்தமிடக் குனிந்தபோது, அடி விழப்போகிறதென்று அவன் கையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டான். சொல்லாத கதையை அந்தக் கை சொல்லிவிட்டது. பிள்ளைகள் இருவரும் அவ்வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டனர்.

ஆனால் இங்கொரு விசித்திரம் உண்டு. டிரிக்ஸ் பின்னர் அதே வீட்டுக்கு மீண்டும் அனுப்பப்பட்டாள். அவளிடம் திருமதி ஹொலோவே பிரியமாகவே நடந்துகொண்டிருந்தார். ஒரு பிள்ளையிடம் கனிவாக இருப்பவர் மற்றொரு பிள்ளையிடம் கொடியவராக இருத்தல் கூடும். அங்கிருந்த மற்றைய பிள்ளை நன்றாகத்தானே இருந்தது என்று வாதிடுவோர் இதை எண்ணிப்பார்க்க வேண்டும். தமையன் பட்ட துன்பத்தை அதே டிரிக்ஸ் தமது நினைவுக் குறிப்புகளில் உறுதிசெய்தார் என்பதும் கவனத்திற்குரியது.

பின்னைய வாழ்க்கை பலரும் அறிந்தது. 1882 இல் லாகூரில் பத்திரிகைப் பணி, உலகப் புகழ், 1907 இல் நோபல் பரிசு. சவுத்சீ அனுபவத்தை 1888 இல் ஒரு சிறுகதையாக எழுதினார். நேரடியாகச் சொல்ல அறுபத்தொன்பது வயதாயிற்று. 1935 இல் எழுதத் தொடங்கிய சுயசரிதை, 1936 ஜனவரியில் அவர் மறைந்து ஓராண்டின் பின்னரே வெளிவந்தது. அவர் மிகைப்படுத்தினாரா என்று ஆய்வாளர் இன்றும் விவாதிக்கின்றனர். எழுத்தாளரின் கை சில இடங்களில் வண்ணம் கூட்டியிருக்கலாம். எனினும் அந்தச் சர்ச்சை தோன்றியதற்கும் காரணம், உரிய வேளையில் எவரும் கேட்டறியாமையே.

கேட்கும் முறையிலும் தவறு நேரலாம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மெக்மார்ட்டின் முன்பள்ளி விவகாரம் 1983 இல் தொடங்கி 1990 இல் எவரும் குற்றவாளியாகக் காணப்படாமல் முடிந்தது. விசாரித்தோர் விடையைத் தாமே ஊட்டும் வினாக்களை மீண்டும் மீண்டும் கேட்டமையால், பிள்ளைகளின் சொல்லில் எது அவர்களுடையது என்பதே தெரியாமற் போயிற்று.

ஆகவே அந்த உம்மும்மாவிடம் நாம் கூறியது இவ்வளவே. பேரன் தானாகச் சொல்லும்போது இடைமறிக்காமல் கேளுங்கள். அடித்தார்களா, வேறென்ன செய்தார்கள் என்று துருவ வேண்டாம். அவன் சொன்ன சொற்களை அன்றைய திகதியுடன் அப்படியே எழுதிவையுங்கள். அந்த நிலையத்துக்குச் சென்று சண்டையிட வேண்டாம். 1998 இன் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை 1929 என்ற இலக்கத்தில் அழையுங்கள். பராமரிப்பில் உள்ள பிள்ளையை வதைப்பது 1995 இன் திருத்தத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். நான்கு வருடங்கள் கடந்தமை முறைப்பாட்டுக்குத் தடையன்று. பிள்ளையின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து நீதிமன்றில் முன்வைக்க 1999 இன் சட்டம் வழி செய்துள்ளது.

அவர் கடைக்காரரிடம் ஒரு தாளை வாங்கி அந்த இலக்கத்தைக் குறித்துக்கொண்டார். பேரன் வெளியே பழைய டயர் ஒன்றை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தான். அவனிடம் நாம் எதையும் கேட்கவில்லை.