சின்னஞ்சிறு உயிரும் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதரும்

உங்கள் பச்சிளங் குழந்தை வைத்தியசாலையிலே சுவாச இயந்திரத்தின் உதவியோடு கிடப்பதாக எண்ணிப் பாருங்கள். குணமாகும் நம்பிக்கை இல்லையென வைத்தியர் கூறுகிறார். இயந்திரத்தை நிறுத்தச் சம்மதிப்பது பாவமா? இக்கேள்விக்கு வழிகாட்டிய பாப்பரசர் ஒருவரை அறிந்துகொள்ளுங்கள்.

எயுஜேனியோ பச்செல்லி 1876 பங்குனி 2ஆந் திகதி உரோமாபுரியில் பிறந்தார். 1899இல் குருவானார். 1917 முதல் ஜேர்மனியில் பாப்பரசரின் தூதுவராய்ப் பணிபுரிந்து, 1929இல் கர்தினாலானார். 1939இல், தமது 63ஆவது பிறந்த நாளன்றே பாப்பரசராகத் தெரிவாகி, பன்னிரண்டாம் பத்திநாதர் என்னும் பெயரைச் சூடினார். ஆறு மாதத்துள் உலக யுத்தம் மூண்டது.

யுத்தத்தின் பின் வைத்தியக்கலை விரைந்து வளர்ந்தது. அதனோடு புதிய ஐயங்களும் எழுந்தன. 1951இல் மருத்துவிச்சிகளுக்கு உரையாற்றிய பாப்பரசர், குழந்தையின் உயிர் வாழும் உரிமை இறைவனிடமிருந்தே நேராக வருகிறது. பெற்றோரோ அரசோ அதைக் கொடுக்கவில்லை என்று போதித்தார்.

1957 கார்த்திகை 24ஆந் திகதி, ஒஸ்திரிய நாட்டு மயக்கமருந்து வைத்தியர் ஒருவர் எழுப்பிய கேள்விகளுக்கு விடையளித்தார். உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாள்வது கடமை. நோயாளிக்கோ பிறர்க்கோ தாங்கொணாச் சுமையாகும் அசாதாரண வழிகள் கட்டாயமல்ல. அத்தகைய சுமை குடும்பத்தை அழுத்தினால், சுவாச இயந்திரத்தை நிறுத்துமாறு அவர்கள் கேட்கலாம்; வைத்தியரும் இணங்கலாம். இது கொலையாகாது என விளக்கினார்.

இவ்வுரை குழந்தைகளை மட்டும் குறித்ததன்று. ஆயினும் வாய் பேசாச் சிசுவுக்காகத் தீர்மானிக்கும் பெற்றோருக்கு இது பேருதவி. ஒன்றை மறவாதீர்கள்: சிகிச்சை சுமையா என்று கேட்கலாம், குழந்தையே சுமையா என்று கேட்கலாகாது. 1982இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், டவுண் நோய்க்குறியோடு பிறந்த சிசுவின் உணவுக்குழாய் அடைப்புக்குச் சத்திரசிகிச்சை மறுக்கப்பட்டது. சில நாட்களில் அது இறந்தது. அங்கே தவறிப்போனது இந்த வேறுபாடே.

பத்திநாதர் 1958 ஐப்பசி 9ஆந் திகதி இறைவனடி சேர்ந்தார். 1980இல் திருச்சபை வெளியிட்ட கருணைக்கொலை பற்றிய அறிக்கையும் அவர் போதனையையே பின்பற்றியது.

அத்தகைய வேளை உங்கள் வீட்டுக்கு வந்தால், வைத்தியரிடம் விபரமாய்க் கேளுங்கள், குருவானவரோடு கலந்து பேசுங்கள், செபியுங்கள். இயந்திரம் நின்றாலும் அன்பும் பராமரிப்பும் நிற்கக்கூடாது. குழந்தையை மடியில் ஏந்தியிருங்கள்.