பேறுகால நோவைத் தணிக்க முயன்ற பெரியார் ஜேம்ஸ் யங் சிம்சன்

பிள்ளைப்பேறு ஒரு பெண்ணுக்கு மறுபிறப்பு என்று நம் முதியோர் சொல்வர். பத்துத் திங்கள் சுமந்த பின்னர், ஓர் இரவோ ஒரு பகலோ, சிலவேளை இரண்டு மூன்று நாட்களோ அவள் படும் நோவை அருகிருந்து கண்டவர் எளிதில் மறவார். அந்நோவைக் கண்டு இரங்காதார் எந்த நாட்டிலும் இலர். ஆனால் இரங்குதல் வேறு. பரிகாரம் தேடுதல் வேறு. இது இயற்கை, இது பெண்ணின் விதி என்று கூறி அகன்றோரே உலகில் மிகப் பலர். அவ்வாறு அகலாது நின்று, இந்நோவைக் குறைத்தல் கூடாதா என்று கேட்ட வைத்தியர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ஸ்கொத்லாந்து தேசத்திலே, எடின்பரோ நகருக்கு மேற்கே, பாத்கேற் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரில் பாண் சுட்டு விற்றுச் சீவனம் நடத்திய தாவீது சிம்சன் என்பாருக்கு ஏழாவது ஆண்மகவாக, 1811ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7ஆம் நாள் ஜேம்ஸ் பிறந்தார். அக்காலத்தில் தந்தையாரின் வியாபாரம் நலிந்திருந்தது. தாயாரே பொறுப்பைக் கையேற்றுக் கடையையும் வீட்டையும் நிமிர்த்தினார். அத்தாயாரும் ஜேம்சுக்கு ஒன்பது வயதாகும்போது இறந்துவிட்டார். அதன்பின் மூத்த சகோதரியின் அரவணைப்பிலே சிறுவன் வளர்ந்தான். வீட்டார் எல்லோருக்கும் ஒரே எண்ணம் இருந்தது. தாங்கள் பாண் சுட்டாலும் இப்பிள்ளை படிக்க வேண்டும் என்பதே அது. தமையன்மார் தம் உழைப்பிற் கிடைத்த காசைச் சேர்த்து அவரைப் படிப்பித்தனர். பதினான்காம் வயதிலேயே, 1825இல், அவர் எடின்பரோ சர்வகலாசாலையிற் புகுந்தார். தம்பி படிக்கத் தமையன் உழைத்த கதை நம்மூரிலும் வீட்டுக்கு வீடு உண்டு.

வைத்தியம் கற்கும் மாணவராய் இருந்த காலத்தில் அவர் உள்ளத்தைக் கலக்கிய நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. மலைநாட்டுப் பெண்ணொருத்திக்கு மார்பிலே சத்திர சிகிச்சை நடைபெற்றது. மயக்க மருந்து என்பதே வழக்கில் இல்லாத காலம் அது. நோயாளி விழித்திருக்க, அவள் கதறக் கதறக் கத்தி தன் வேலையைச் செய்தது. அதனைப் பார்த்திருக்க முடியாத இளைஞர் அங்கிருந்து வெளியேறி, வைத்தியமே வேண்டாம், நீதிமன்றத்தில் எழுதுவினைஞராய் இருப்போம் என்று வேலை தேடிச் சென்றார் என அவர் சரிதத்தை எழுதினோர் கூறுவர். ஆயினும் அவர் திரும்பி வந்தார். நோவைக் கண்டு ஓடுவதால் நோவு குறையாது என்பதை உணர்ந்தே வந்தார் எனலாம். 1830இல் சத்திர வைத்தியக் கல்லூரியின் அனுமதிப் பத்திரமும், 1832இல் வைத்திய கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

பிரசவ வைத்தியத்தைத் தம் துறையாக அவர் தேர்ந்துகொண்டார். பெரும் புகழை நாடிய வைத்தியர் பலர் அத்துறையை அக்காலத்தில் அவ்வளவாக மதிக்கவில்லை. 1839இல் எடின்பரோ சர்வகலாசாலையின் பிரசவ வைத்தியப் பேராசிரியர் பதவி வெறிதாயிற்று. சிம்சன் விண்ணப்பித்தார். வயது இருபத்தெட்டுத்தானே, விவாகமும் ஆகவில்லையே என்று எதிர்த்தோர் குறை கூறினர். வயதைக் கூட்ட அவரால் இயலாது; மற்றைய குறையைத் தீர்த்துக்கொண்டார். அவ்வாண்டு டிசம்பரில் ஜெசி கிறின்ட்லே என்னும் நங்கையை மணந்தார். 1840ஆம் ஆண்டு பெப்ரவரியில் நகர சபையார் வாக்களித்தபோது, பதினேழுக்குப் பதினாறு என்ற கணக்கில், ஒரேயொரு வாக்கினால் பதவி அவருக்குக் கிடைத்தது.

பதவி பெற்ற பின் அவர் புகழ் நாளுக்கு நாள் வளர்ந்தது. குயீன் வீதி 52ஆம் இலக்க வீட்டிலே பிரபுக்களும் ஏழைகளும் ஒருங்கே காத்திருந்தனர். ஏழைகளிடம் அவர் பணம் எதிர்பார்த்ததில்லை. எனினும், பிரசவ அறையிற் கேட்கும் கதறல் அவரை விட்டு நீங்கவில்லை.

நோவைப் போக்க வழியுண்டு என்ற எண்ணம் அதற்கு முன்பே உலகில் எழுந்திருந்தது. நைதரசு ஒட்சைட்டு என்னும் வாயுவை 1772இல் பிறீஸ்ற்லி என்ற அறிஞர் கண்டறிந்தார். 1799இல் பிறிஸ்ரல் நகரில் ஹம்பிரி டேவி அதனைத் தாமே சுவாசித்துப் பார்த்தார். உள்ளத்தில் களிப்பும் உடலில் நோவுத் தணிவும் உண்டாகக் கண்டு, சத்திர சிகிச்சைக்கு இது பயன்படலாம் என 1800இல் வெளியிட்ட நூலில் எழுதியும் வைத்தார். மக்களோ அதற்குச் சிரிப்பூட்டும் வாயு என்று பெயரிட்டு, களியாட்டுக்கே அதனைப் பயன்படுத்தினர். நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1844இல், அமெரிக்கப் பல்வைத்தியர் ஹொறஸ் வெல்ஸ் அவ்வாயுவைச் சுவாசித்துத் தம் பல்லையே நோவின்றிப் பிடுங்குவித்தார். அடுத்த ஆண்டு பொஸ்ரன் நகரில் அதனைப் பலர் முன் காட்ட முயன்றபோது நோயாளி சத்தமிட்டமையால் அவர் நகைப்புக்கு ஆளானார். ஆனால் 1846 ஒக்டோபர் 16ஆம் நாள் அதே நகரில் மோட்டன் என்பவர் ஈதர் ஆவியினால் நோயாளியை மயக்கிக் காட்ட, அச்செய்தி கடல் கடந்து பரவிற்று.

செய்தி கேட்ட சிம்சன் காலந் தாழ்த்தவில்லை. 1847 ஜனவரி 19ஆம் நாள், இடுப்பெலும்பு ஒடுங்கியமையால் இயல்பாகப் பிரசவிக்க இயலாத ஒரு பெண்ணுக்கு ஈதர் கொடுத்தார். குழந்தை உயிர் தரிக்கவில்லை. ஆயினும் முக்கியமான உண்மையொன்று அன்று புலனாயிற்று. தாய் உணர்விழந்து கிடந்தபோதும் கருப்பை சுருங்குதல் நிற்கவில்லை. நோவு இன்றேல் பிரசவம் நின்றுவிடும் என்ற அச்சத்துக்கு அது விடையாயிற்று.

ஈதரிலோ குறைகள் இருந்தன. அதன் மணம் உறைப்பானது, இருமலை உண்டாக்கும், அளவும் மிகுதியாக வேண்டும். ஆகவே இதனிலும் இலகுவான ஒன்றைத் தேடி, இரவு உணவின் பின் நண்பர்களான கீத், டங்கன் என்னும் இரு வைத்தியர்களோடு மேசையைச் சுற்றியிருந்து, போத்தல் போத்தலாகப் பற்பல திரவங்களின் ஆவியை முகர்ந்து பார்த்து வந்தார். 1847 நவம்பர் 4ஆம் நாள் இரவு குளோரபோமின் முறை வந்தது. மூவரும் முதலிற் களிப்புடன் ஓயாது பேசினர். சிறிது நேரத்தில் மூவரும் நிலத்திற் கிடந்தனர். உணர்வு வந்து எழுந்ததும் சிம்சனுக்குத் தாம் தேடியது கிடைத்துவிட்டது என்பது தெரிந்தது. பிறருக்குக் கொடுக்குமுன் தம் உடலிலேயே சோதித்த துணிவு வியக்கத்தக்கது. அதன் அபாயத்தை இன்று அறிந்த நாம் அதனைப் பின்பற்றத்தக்கது என்று சொல்ல மாட்டோம்.

நான்கு நாள் சென்றபின், நவம்பர் 8ஆம் நாள், வைத்தியர் ஒருவரின் மனைவி பிரசவ நோவுற்றிருந்தார். முந்திய பிரசவத்தில் மூன்று நாள் வருந்தியும் குழந்தையை இழந்த தாய் அவர். சிம்சன் ஒரு கைலேஞ்சியிற் குளோரபோமைச் சிறிது விட்டு முகத்தருகே பிடித்தார். அரை மணி நேரம் ஆகுமுன் பெண் குழந்தையொன்று சுகமாகப் பிறந்தது. துயில் நீங்கிக் கண் விழித்த தாய், தன் முன் காட்டப்பட்ட குழந்தை தன்னுடையதே என்பதை நம்பாது திகைத்தார்.

எதிர்ப்பும் உடன் எழுந்தது. அது மூவகைப்பட்டது. முதலாவது சமயம் பற்றியது. முதற் பெண் செய்த பிழைக்காகப் பெண்குலம் வேதனையோடு பிள்ளை பெறும் என்று கிறிஸ்தவ வேதத்தின் முதற் புத்தகம் கூறுவதால், அதனை நீக்குதல் இறைவன் கட்டளையை மீறுவதாகாதா என்பது கேள்வி. சிம்சன் அவ்வேதத்தில் ஊறியவர். அதைக் கொண்டே விடையிறுத்தார். மூலமாகிய எபிரேய மொழியில் அச்சொல்லுக்கு உழைப்பு என்ற பொருளும் உண்டு என்றார். ஆதாமின் விலாவெலும்பை எடுக்குமுன் இறைவன் அவனை ஆழ்ந்த துயிலில் ஆழ்த்தியதையும் எடுத்துக் காட்டினார். உண்மையில், இத்தடையைப் பகிரங்கமாக எழுப்பிய குருமார் சிலரே என்றும், வரக்கூடிய தடைக்கு அவர் முன்னதாகவே விடை எழுதினார் என்றும் இக்கால ஆராய்ச்சியாளர் கூறுவர்.

இரண்டாவது எதிர்ப்பு வைத்தியரிடமிருந்தே வந்தது. பிலடெல்பியா நகரத்துப் பேராசிரியர் மீக்ஸ் போன்றோர், பேறுகால நோவு இயற்கையானது, வேண்டப்படுவது, அதில் தலையிடலாகாது என்றனர். நடப்பதும் இயற்கையே, அதற்காக வண்டியில் ஏறாதிருக்கின்றோமா என்பது போலச் சிம்சன் மறுமொழி கூறினார். வைத்தியர் மறுத்தாலும் தாய்மாரே இதனைக் கேட்டு வாங்குவர் என்பது அவரது நம்பிக்கை.

மூன்றாவது எதிர்ப்பே கனமானது. அது உயிராபத்துப் பற்றியது. 1848 ஜனவரியில், கால் நகத்தை அகற்றுவதற்காகக் குளோரபோம் கொடுக்கப்பட்ட பதினைந்து வயதுச் சிறுமி இங்கிலாந்தில் உயிர் நீத்தாள். சிம்சனோ மருந்திற் குற்றமில்லை, அவளைத் தெளிவிக்க வாயிலே ஊற்றிய நீரும் பிராந்தியுமே காரணம் என்று வாதாடினார். தாம் கண்டதன்மேற் கொண்ட பற்று அவர் கண்ணை ஓரளவு மறைத்தது என்றே சொல்லல் வேண்டும். அளவறிந்து கொடுக்கும் முறையை ஆராய்ந்து நிறுவியவர் இலண்டன் வைத்தியர் ஜோன் ஸ்னோ ஆவார். 1853 ஏப்ரல் 7ஆம் நாள் விக்ரோறியா மகாராணியார் எட்டாவது குழந்தையைப் பெற்றபோது, கைலேஞ்சியிற் சிறிது சிறிதாகக் குளோரபோம் கொடுத்தவரும் அவரே. அரசியே ஏற்றுக்கொண்டபின் ஏனையோர் தயக்கம் பெரிதும் நீங்கிற்று.

1866இல் சிம்சனுக்குப் பரனெற் பட்டம் அளிக்கப்பட்டது. நோவை வென்று என்ற பொருள்பட இலத்தீன் சொற்களைத் தம் விருதுச் சின்னத்தில் அவர் பொறித்துக்கொண்டார். ஆனால் பட்டம் வந்த சூட்டோடு மூத்த மைந்தன் இறந்தான். பிறர் நோவைத் தணித்தவருக்குத் தம் நோவைத் தணிக்க மருந்தில்லை. எனினும் ஓயாது உழைத்தார். பெரிய வைத்தியசாலைகளில் சத்திர சிகிச்சைக்குப் பின் இறப்போர் தொகை நாட்டுப்புறத்தை விட மிகுதி எனக் கணக்கெடுத்துக் காட்டி, அவற்றைச் சீர்திருத்த வேண்டும் என வாதாடினார். 1870 மே 6ஆம் நாள், ஐம்பத்தெட்டாம் வயதில் காலமானார். வெஸ்ட்மினிஸ்ரர் தேவாலயத்தில் இடமளிக்க முன்வந்தும், குடும்பத்தார் அவரை எடின்பரோவின் வொறிஸ்ரன் மயானத்தில் தம் பிள்ளைகளின் அருகிலேயே அடக்கம் செய்தனர்.

அவர் போற்றிய குளோரபோம் நிலைக்கவில்லை. இருதயத்துக்கும் ஈரலுக்கும் அது தீங்கு செய்வது தெளிவானமையால் காலப்போக்கில் பிரசவ அறையை விட்டு நீங்கிற்று. அதன் இடத்துக்கு வந்தது எது? முன்னர் நகைப்புக்கு ஆளான அதே சிரிப்பூட்டும் வாயுதான். ரூசிய தேசத்தின் சென்ற் பீற்றர்ஸ்பேர்க் நகரில் கிளிக்கோவிச் என்னும் வைத்தியர், நைதரசு ஒட்சைட்டில் நாலு பங்குக்கு ஒட்சிசன் ஒரு பங்கு கலந்து பிரசவப் பெண்களுக்குக் கொடுத்து, அதன் பயனை 1881இல் வெளியிட்டார். 1930களில் லிவர்ப்பூல் நகரத்து மினிற் என்பார், வாயுவையும் காற்றையும் கலந்து கொடுக்கும் சிறு பொறியொன்றை அமைத்தார். 1936இல் மருத்துவிச்சிமாரே அதனைக் கையாள அனுமதி கிடைத்தது. ஆனால் அக்கலவையில் ஒட்சிசன் போதாது. அக்குறையை 1961இல் நீக்கியவர் வைத்தியர் ரன்ஸ்ரல். வாயுவும் ஒட்சிசனும் சரிபாதியாக ஒரே உருளையில் அடைக்கும் முறையை அவர் நடைமுறைக்குக் கொணர்ந்தார். 

இம்முறையில் தாயே முகமூடியைத் தன் கையிற் பிடித்திருப்பாள். நோவு எழத் தொடங்கியதும் மூச்சை இழுப்பாள். அரை நிமிடமளவில் பயன் தெரியும். மயக்கம் மிகுந்தால் கை தானே தளரும், முகமூடி விலகும், வாயுவும் நிற்கும். ஆதலால் வேறொருவர் அதனைப் பிடித்துக் கொடுத்தல் ஆகாது. சில நிமிடங்களில் வாயு மூச்சோடு வெளியேறிவிடும். கருப்பை சுருங்குதலையும் அது நிறுத்தாது. நோவை முற்றாகப் போக்காது, தாங்கத்தக்கதாக மழுக்கும். சிலருக்குத் தலைச்சுற்றும் குமட்டலும் உண்டாவதுண்டு. முதுகந்தண்டின் அருகே மருந்து செலுத்தும் முறை இதனினும் வலிமையுடையது. ஆனால் அதற்குத் தேர்ந்த வைத்தியர் வேண்டும்.

இளைஞர்களே, சிம்சனின் வாழ்வில் நாம் கொள்ள வேண்டியது அவருடைய மருந்தையன்று. அது போய்விட்டது. கொள்ள வேண்டியது அவர் எழுப்பிய கேள்வியை. தாங்க வேண்டியவள் அவளே என்று பிறர் தீர்மானிக்கலாமா? வேண்டும் என்பாளுக்குக் கொடுப்பதும், வேண்டாம் என்பாளை வற்புறுத்தாது விடுவதும் அறம். நோவுற்றவளிடம் என்ன வேண்டும் என்று கேட்பதே அதற்கு முதற்படி. நம் வீட்டிற் பேறுகாலம் நெருங்கும்போது, மங்கல காரியங்களை ஆயத்தம் செய்யும் பெரியோரும், வைத்தியசாலைக்கு ஓடித் திரியும் இளைஞரும், என்ன வசதி உண்டு, அவள் எதனை விரும்புகின்றாள் என்று முன்னரே விசாரித்து அறிவாராயின், பாண் சுடுபவரின் மகன் பட்ட பாடு வீண்போகாது.