ஓவல் மைதானத்துச் சதாசிவம்

ஆலையடிவேம்பு முதல் கல்முனை வரையுள்ள கடற்கரை மணலில் தென்னை மட்டையைத் துடுப்பாக்கி விளையாடும் சிறுவர்கள், இன்றைய கிரிக்கெட் வீரர்களின் பெயர்களைத் தலைகீழாக ஒப்புவிப்பர். மகாதேவா சதாசிவம் யாரென்று கேட்டாலோ விழிப்பர். சுதந்திர இலங்கையின் அணிக்குத் தலைமை தாங்கிய தமிழர் அவர் என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்பது பெரியோர் கடனாகும்.

1915 ஒக்டோபர் 18ஆந் திகதி பிறந்த சதாசிவம், கொழும்பு வெஸ்லி கல்லூரியில் பயின்று, தமிழ் யூனியன் கழகத்தில் ஆடிப் புகழ் வளர்த்தார். அவர் உடல்வலியை நம்பிப் பந்தை அடிப்பவரல்லர். பந்து தம்மைக் கடந்துபோகும் கடைசிக் கணம்வரை காத்திருந்து, மணிக்கட்டின் சிறு திருப்பத்தால் அதனைக் காவலற்ற திசைக்கு அனுப்புவதே அவர் கலை. 1947இல் சென்னைச் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கெதிராக அவர் எடுத்த 215 ஓட்டங்களை அந்நகரத்து ரசிகர்கள் நெடுநாள் பேசினர். 1950இல் பொதுநலவாய அணிக்கெதிராக 96 ஓட்டங்கள் எடுத்தார். மேற்கிந்திய வீரர் பிராங்க் வொரெல் அவரைத் தலைசிறந்த ஆட்டக்காரருள் வைத்து மதித்தார்.

நாடு சுதந்திரமடைந்து இரண்டு மாதங்கூட நிறையாத 1948 மார்ச்சில், இங்கிலாந்து செல்லும் வழியில் டொன் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் இறங்கியது. ஓவல் மைதானத்தில் அதனை எதிர்கொண்ட இலங்கையரின் தலைவர் சதாசிவமே. 22 யார் நீளமிருக்க வேண்டிய ஆடுகளம் இரண்டு யார் குறைந்திருந்தது அன்று தெரியவந்தமை ஒரு வேடிக்கை.

ஆடுகளத்தில் இருந்த பொறுமை அவர் வாழ்விலே காணப்படவில்லை. இரவு முழுதும் கேளிக்கையிற் கழித்து, காலையில் நேரே மைதானத்துக்கு வந்து சதமடிப்பார் என்ற கதைகள் கொழும்பில் நெடுங்காலம் வழங்கின. அவற்றை அவர் மறுத்து வாழவுமில்லை. மணவாழ்வு முறிந்துகொண்டிருந்த நிலையில், 1951 ஒக்டோபரில் அவர் மனைவி இல்லத்திலே கொலையுண்டு கிடந்தார். குற்றஞ்சாட்டப்பட்ட சதாசிவம் இருபது மாதம் விளக்கமறியலில் இருந்தார். கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா அவருக்காக வாதாடினார். சட்ட வைத்திய நிபுணர் சேர் சிட்னி ஸ்மித் சாட்சியமளித்தார். 1953 யூனில் அவர் குற்றவாளியல்லர் எனத் தீர்ப்பாயிற்று. நீதிமன்றம் விடுவித்த பின்னரும் ஊர்ப்பேச்சு ஓயவில்லை. பின்னர் கடல் கடந்து சென்று சிங்கப்பூர், மலாயா அணிகளுக்குந் தலைமை தாங்கினார். மூன்று நாடுகளின் அணிகளை வழிநடத்தும் பேறு எளிதில் எவர்க்கும் வாய்ப்பதன்று.

1977 யூலை 9ஆந் திகதி அவர் காலமானார். ஐந்தாண்டு நிறையுமுன், 1982 பெப்ரவரியில், இலங்கை தனது முதலாவது டெஸ்ட் போட்டியை ஆடியது. அதற்கு அரங்கானது, அவர் பிரட்மனை எதிர்கொண்ட அதே ஓவல் மைதானம்.

டெஸ்ட் ஆட்டம் ஒன்றேனும் ஆடக் கிடைக்காத பெருங்கலைஞர் சதாசிவம். அவர் கலையைப் போற்றுவோர் அவர் வாழ்வின் இருளை மறைக்க வேண்டியதில்லை; அவ்விருளைக் கூறுவோர் அவர் கலையைக் குறைக்கவும் வேண்டியதில்லை. இரண்டையும் ஒருங்கே அறிந்து நினைவுகூர்வதே அவர்க்கு நாம் செய்யும் நீதி.