சாதனைக்குப் பரிசு டிரான்ஸ்ஃபர்! இந்தியாவின் முதல் டெஸ்ட் டியூப் பேபியைத் தந்த டாக்டருக்கு நடந்தது என்ன?

1978 அக்டோபர் 3. கொல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. நவராத்திரி நேரம் என்பதால் துர்கா என்று பெயர். உலகின் முதல் டெஸ்ட் டியூப் பேபி லூயிஸ் பிரவுன் இங்கிலாந்தில் பிறந்து இரண்டரை மாதம்கூட ஆகவில்லை. உலகில் இரண்டாவது, இந்தியாவில் முதலாவது இந்த துர்காதான். சாதித்தவர் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய்.

1931ல் ஹசாரிபாக்கில் பிறந்தவர். கொல்கத்தாவில் ஒன்று, எடின்பரோவில் ஒன்று என இரண்டு பிஎச்.டி. ஊர் திரும்பி அரசு மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் வேலை. இங்கிலாந்து டாக்டர்களே செய்யாத ஒன்றை இவர் செய்தார். கருவை உறைய வைத்து, 53 நாள் கழித்து தாயின் கருப்பைக்குள் வைத்தார். வெளிநாட்டில் இந்த முறையில் ஒரு குழந்தை பிறக்க 1984 ஆகிவிட்டது. இன்னைக்கு கருத்தரிப்பு மையங்களில் தினமும் நடக்கிற விஷயம்தான் இது.

ஆனா, சக டாக்டர்களே நம்பல. மேற்கு வங்க அரசு நவம்பரில் விசாரணைக் குழு போட்டது. அதுக்குத் தலைவர் யார் தெரியுமா? ஒரு கதிரியக்க இயற்பியலாளர்! செயற்கைக் கருத்தரிப்பில் அனுபவம் உள்ளவர் குழுவில் ஒருத்தர்கூட இல்லை. கேள்வி மேல் கேள்வி கேட்டு, கடைசியில் சுபாஷ் சொன்னது பொய்னு முடிவு கட்டினாங்க. ஆய்வை விளக்க ஜப்பானில் இருந்து அழைப்பு வந்தபோதும் போக அனுமதி கிடைக்கல.

அடுத்தது டிரான்ஸ்ஃபர். பனிஷ்மென்ட் டிரான்ஸ்ஃபர்னா என்னன்னு தருமபுரியில் எந்த அரசு ஆஸ்பத்திரி ஊழியருக்கும் விளக்க வேண்டியதில்லை. அடி, உதை எதுவும் தேவையில்லை, ஒரு ஆர்டர் போதும். ஏற்கெனவே மாரடைப்பு வந்திருந்த சுபாஷை, 1981 ஜூனில் கண் மருத்துவ நிலையத்துக்கு மாற்றினார்கள். கருவை ஆராய்ந்தவருக்கு அங்கே என்ன வேலை? அந்த ஜூன் 19ஆம் தேதி அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 50.

1986ல் மும்பையில் பிறந்த ஹர்ஷாதான் முதல் குழந்தை என்று நாடு நம்பிக்கொண்டிருந்தது. அந்தச் சாதனையின் விஞ்ஞானி டி.சி.ஆனந்த் குமார், 1997ல் கொல்கத்தா போய் சுபாஷின் குறிப்புகளை வரிவரியாகப் படித்தார். முதல் ஆள் தான் இல்லை, சுபாஷ்தான் என்று ஆய்விதழிலேயே எழுதினார். சொந்தப் பெயரை இப்படி விட்டுக்கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? 2002ல் ஐசிஎம்ஆர் அங்கீகாரம் தந்தது. சுபாஷ் இறந்து அப்போ 21 வருஷம்.

(மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ இருந்தால் 104 அல்லது 14416 என்ற எண்ணுக்கு அழைத்துப் பேசலாம்.)