மூணு தடவை ஃபெயில்... ஹார்வர்டுக்கு நட்சத்திரக் கணக்கு அனுப்பிய கருவூல ஊழியர்! யார் இந்த ராதா கோபிந்த சந்திரா?

வானியல் ஆராய்ச்சி என்றதும் பிஎச்.டி., பெரிய லேப், கோடிகளில் செலவு என்றுதான் நமக்குத் தோணும். ராதா கோபிந்த சந்திராவிடம் இதில் எதுவுமே கிடையாது.

1878-ல், இன்றைய வங்கதேசத்தின் ஜெசூர் பக்கம் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் மூணு முறை ஃபெயில். கடைசியில் அரசு கருவூலத்தில் நாணயம் சரிபார்க்கும் வேலை கிடைத்தது, மாதச் சம்பளம் 15 ரூபாய். பகலெல்லாம் காசு, ராத்திரியெல்லாம் வானம். 1910-ல் ஹாலி வால்நட்சத்திரத்தை பைனாகுலரில் பார்த்துக் குறிப்பெடுத்தார். 1912-ல் இங்கிலாந்திலிருந்து 3 அங்குல டெலஸ்கோப் வரவழைத்தார். அந்தச் சம்பளத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம்!

1918 ஜூனில் கழுகு விண்மீன் கூட்டத்தில் ஒரு நட்சத்திரம் திடீரெனப் பளிச்சிட்டது. உலகில் பலர் அதைத் தனித்தனியாகக் கண்டார்கள். அவர்களில் இவரும் ஒருவர். ஹார்வர்டு வானாய்வகத்துக்கு எழுதினார். அந்தத் தொடர்பு அவரை 'ஏஏவிஎஸ்ஓ' என்ற அமெரிக்க அமைப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அங்கே என்ன வேலை? சில நட்சத்திரங்களின் வெளிச்சம் கூடும், குறையும். ஒளி அளவு ஏற்கெனவே தெரிந்த பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, 'இன்று இவ்வளவு' என்று நேரத்தோடு எழுதி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். ஆனா, வருஷக்கணக்கில் விடாமல் செய்யணும். பெரிய டெலஸ்கோப்புகளுக்கு தினமும் ஒரே நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. அதனால்தான் அமெச்சூர்களின் கணக்குக்கு இன்றும் மதிப்பு. திருவாதிரை நட்சத்திரத்துக்கு டெலஸ்கோப்கூட வேண்டாம். ரோகிணியோடு ஒப்பிட்டு வெறும் கண்ணாலேயே மதிப்பிடலாம். 2019 கடைசியில் அது வழக்கத்துக்கு மாறாக மங்கியபோது இந்தக் கணக்குகள் விஞ்ஞானிகளுக்கு உதவின. அதே ஏஏவிஎஸ்ஓ இப்போதும் ஆன்லைனில் யாரிடமிருந்தும் பதிவுகளை வாங்கிக்கொள்கிறது, மாணவர்கள் உட்பட.

சந்திரா 1919 முதல் 1954 வரை அனுப்பியவை 37,000-க்கும் மேல். இடையில் 1926-ல், அமெரிக்காவிலிருந்து 6 அங்குல டெலஸ்கோப்பையே அவருக்கு அனுப்பிவைத்தார்கள்.

பிரிவினைக்குப் பிறகு ஊரை விட்டு இந்தியா வந்தார். 1975-ல் கொல்கத்தா அருகே பாராசத்தில் வறுமையில் இறந்தார். அமெரிக்கா அனுப்பிய டெலஸ்கோப் அதற்கு முன்பே வானியலாளர் வைனு பாப்புவின் கைக்குப் போயிருந்தது. பின்னாளில் அது வந்து சேர்ந்த இடம், நம்ம திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானாய்வகம்.